வாய்விட்டுச் செய்த ஒரு ஜெபம்

மூன்று வருடங்களுக்கு முன் ஒரு ஜூலை மாதச் சனிக்கிழமை மத்தியானம். ராஜபாளையத்தில் எங்கள் சபையை ஒட்டிய கூடத்தில், பெண்கள் ஐக்கியக் கூட்டத்துக்கு வந்த பதினான்கு பேர் பாய் விரித்து உட்கார்ந்து கண்ணை மூடியிருந்தோம். அன்றைக்கு நான் வாய்விட்டுச் செய்த ஒரு ஜெபத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். திருடியதற்கும் பொய் சொன்னதற்கும் வருத்தப்படுகிறவர்கள் எத்தனையோ பேர் உண்டு. ஜெபம் பண்ணியதற்காக வருத்தப்படுகிறவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

முதலில் என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். எனக்கு வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில், மடவார் வளாகம் பக்கம். அரசு மருத்துவமனையில் மருந்து கொடுக்கிற வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கணவர் போய் அப்போது ஆறு வருடம் ஆகியிருந்தது. ஒரே மகன் புனேயில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் போன் செய்வான், அதுவும் காரில் எங்கேயோ போய்க்கொண்டே. காலையில் ஒரு தடவை சமைத்து அதையே மூன்று வேளையும் சாப்பிடுவேன். பார்க்கிறேனோ இல்லையோ, டிவியைப் போட்டு வைத்திருப்பேன். நாள் முழுக்க யாரோடும் பேசாமல் இருந்துவிட்டு, சாயங்காலம் யாராவது வாசலில் வந்து கூப்பிட்டால் தொண்டையைக் கனைத்துச் சரிசெய்துகொண்டுதான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். கணவர் வீட்டாரின் சபை ராஜபாளையத்தில் என்பதால் சனியும் ஞாயிறும் பஸ் ஏறிப் போவேன். அந்த இரண்டு நாள்தான் என் குரல் என் காதிலேயே விழும்.

அந்தக் குரலைப் பற்றி எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. "அக்கா ஜெபம் பண்ணுனா அழாம இருக்க முடியாது" என்பார்கள். மறைக்காமல் சொல்கிறேன், நான் ஜெபிக்கும்போது யாராவது மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டால் உள்ளூர எனக்கு ஒரு திருப்தி வரும். கடவுளிடம் பேசுகிறேன் என்று சொல்லிக்கொண்டு, ஒரு காதைக் கூடத்தின் பக்கமே வைத்திருந்திருக்கிறேன்.

அதற்கு முந்தைய வருடக் கடைசியில், எங்கள் சபை உதவி செய்துவந்த ஓர் இல்லத்திலிருந்து ஒரு சகோதரி என்னைத் தேடி வந்தார். வேலை வாங்கித் தருவதாகச் சொல்லிக் கூட்டிப்போய் விற்கப்பட்ட பெண்களை மீட்டு வைத்திருக்கிற இல்லம் அது. அங்கே சில வருடம் இருந்து தேறியவர்களை, அவர்களை யாருக்கும் தெரியாத ஓர் ஊரில் குடிவைத்து, ஒரு வேலையும் பார்த்துக் கொடுப்பார்கள். "உங்க மாடி ரூம் சும்மாதானேக்கா கெடக்கு, ஒரு பிள்ளைய வச்சிக்கிடுவீங்களா?" என்று கேட்டார். அவள் எங்கிருந்து வருகிறாள் என்பது என்னைத் தவிர யாருக்கும் தெரியக் கூடாது என்று மூன்று தடவை சொன்னார். முப்பது வருடமாக எத்தனையோ பேருடைய நோயை வெளியே சொல்லாமல் ரகசியம் காத்தவள் நான், என்னிடமே இப்படிச் சொல்கிறாரே என்று எனக்குச் சுருக்கென்றுகூட இருந்தது.

ஒரே ஒரு பையோடு வந்தாள். இருபத்தைந்து வயது இருக்கும். மாடிக்குப் போய்ப் பார்த்துவிட்டு அவள் கேட்ட முதல் கேள்வி, "இந்தக் கதவுக்கு உள்பக்கம் தாப்பா இருக்கா பெரியம்மா?" என்பது. இருந்தது. ஆனாலும் அன்றைக்கே கடைக்குப் போய் இன்னொன்று வாங்கி, ஆசாரியைக் கூப்பிட்டு அடித்துக் கொடுத்தேன்.

தளவாய்புரத்தில் நைட்டி தைக்கிற ஓரிடத்தில் அவளுக்கு வேலை. காலையில் ராஜபாளையம் போய்ப் பஸ் மாறிப் போவாள், சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்துக்குத் திரும்பிவிடுவாள். அவள் வந்த பிறகு வீட்டில் இரண்டு தட்டு கழுவ வேண்டியிருந்தது. அந்த இரண்டாவது தட்டைக் கழுவுவதில் எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். தெருமுனையில் அவள் தலை தெரிந்ததும் டீக்குப் பால் வைப்பேன். டிவியை அணைத்துவிட்டு, அன்றைக்குத் தைத்த துணிகளில் எந்தப் பூ சகிக்கவில்லை என்று பேசிக்கொண்டிருப்போம். "இதப் போட்டுக்கிட்டு வாசலுக்கு வந்தா மாடு மெரளும் பெரியம்மா" என்பாள். அவள் சிரித்தால் எனக்கும் சிரிப்பு வந்துவிடும்.

நாலைந்து மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, இரண்டு பேரும் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது, நான் கேட்காமலே சொன்னாள். மில் வேலை என்று சொந்தக்காரர் ஒருவர் கூட்டிப்போனது, இரண்டு நாள் ரயில், பாஷை தெரியாத ஊர், ஒரு வீடு. அதற்கு மேல் நான் எழுத மாட்டேன். சொல்லி முடித்துவிட்டு வெங்காயத் தோலைக் கூட்டி அள்ளினாள். "இங்கன என்னைய ஒரு தையக்காரியாத்தான் எல்லாருக்கும் தெரியும். எனக்கு அது போதும் பெரியம்மா. இத யார்கிட்டயும் சொல்லிராதீய" என்றாள். அவள் தலையில் கை வைத்து, என் வாயிலிருந்து ஒரு சொல்கூட வெளியே போகாது என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

வருடாவருடம் ஆகஸ்டில் எங்கள் சபைப் பெண்கள் விற்பனை விழா நடத்துவோம். முறுக்கு ஒருத்தி, அதிரசம் ஒருத்தி, பிரியாணி இரண்டு பேர் என்று பங்கு போட்டுக்கொள்வோம். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரி என்பதால் என் தலையில் எப்போதும் பால்கோவாதான் விழும். அந்த வருடம் அந்த இல்லத்துக்காகவே விழா நடத்துவது என்று முடிவாகியிருந்தது. புதிதாக மீட்டு வந்த பிள்ளைகளுக்குப் படுக்க இடமில்லை, இன்னும் இரண்டு அறை கட்ட வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். துணிப்பை தைத்துத் தருகிறேன் என்று அவளும் தானாக முன்வந்து, அந்தச் சனிக்கிழமை என்னோடு கூடத்துக்கு வந்திருந்தாள். என் மாடியில் குடியிருக்கிற பெண் என்றுதான் மற்றவர்களுக்குத் தெரியும்.

பேச்சு ஆரம்பத்திலேயே சரியாக அமையவில்லை. "போன தடவ ஆஸ்பத்திரிக்குன்னு கேட்டோம், குடுத்தாவ. இந்த மாதிரி பிள்ளையளுக்குன்னு வெளிய எப்படிக்கா வாய்விட்டுக் கேக்கது?" என்றாள் ஒருத்தி. பக்கத்தில் இருந்தவள் குரலைத் தாழ்த்தி, "எல்லாத்தையும் ஏமாத்தித்தான் கூட்டிட்டுப் போனாவன்னு நாம கண்டோமா? இஷ்டப்பட்டுப் போனவளும் இருப்பால்லா" என்றாள். இரண்டு மூன்று பேர் தலையாட்டினார்கள். நான் என் மாடிப் பெண்ணைப் பார்த்தேன். தலை குனிந்தபடி டேப்பை வைத்துத் துணியை அளந்துகொண்டிருந்தாள். எனக்கு உச்சந்தலை வரைக்கும் கொதித்தது.

அந்தக் கொதிப்பில் இருக்கும்போதுதான் சங்கிலி ஜெபம் செய்யலாம் என்றார்கள். ஒருவர் முடித்ததும் பக்கத்தில் இருப்பவர் ஆரம்பிக்க வேண்டும், அப்படியே வட்டம் சுற்றி வரும். என் முறை வந்தது. ஏமாற்றப்பட்ட பிள்ளைகளுக்காக என்று பொதுவாகத்தான் ஆரம்பித்தேன். யாரோ விசும்புவது கேட்டது. எனக்கு அது போதுமானதாக இருந்திருக்க வேண்டும், ஆனால் போதவில்லை. "அவர்கள் எங்கேயோ தூரத்தில் இல்லை ஆண்டவரே" என்று குரலை உயர்த்தினேன். "இந்தப் பாயிலே, எங்கள் நடுவிலே உட்கார்ந்திருக்கிற மகளைப் பாரும். பதினேழு வயதில் விற்கப்பட்டு, இன்றைக்கு என் கூரையின் கீழ் நீர் கொண்டுவந்து சேர்த்த பிள்ளையைப் பாரும்."

அவள் பெயரை நான் சொல்லவில்லை. பெயர் சொல்லாததால் வாக்கு மீறவில்லை என்று அந்த நிமிடம் நிஜமாகவே நம்பினேன்.

ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தேன். அடுத்து ஜெபிக்க வேண்டியவள் ஆரம்பிக்கவில்லை. மற்ற பன்னிரண்டு பேரும் கண்ணைத் திறந்து ஒரே பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் மட்டும் கண்ணை மூடியே இருந்தாள். டேப்பை விரலில் இறுக்கிச் சுற்றியிருந்தாள், விரல் நுனி வெளுத்துப்போயிருந்தது. சற்று முன் குரலைத் தாழ்த்திப் பேசியவள் பாயில் முழங்காலாலேயே நகர்ந்து வந்து அவளைக் கட்டிக்கொண்டு, "எங்கள மன்னிச்சிரு தாயி" என்று அழுதாள். பிறகு எல்லாரும் அழுதார்கள். நானும் அழுதேன். அவள் அழவில்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்தாள். வழக்கமாக ஸ்ரீவில்லிபுத்தூர் வருகிற வரைக்கும் ஏதாவது பேசிக்கொண்டு வருகிறவள். பாதி வழியில் என்னால் தாங்க முடியவில்லை. "கோவமா ஏட்டி?" என்று கேட்டேன். "இல்ல பெரியம்மா" என்றாள்.

விற்பனை விழா அதுவரை இல்லாத அளவுக்கு நடந்தது. மத்தியானத்துக்குள் எல்லாம் தீர்ந்துவிட்டது. எந்தெந்தச் சபையிலிருந்தோ பெண்கள் வந்தார்கள். பால்கோவா தட்டின் பின்னால் நின்றபடி நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். எல்லாரும் அவளிடம்தான் பை வாங்கினார்கள். "இவதானா?" என்று ஒருவருக்கொருவர் கேட்டுக்கொண்டார்கள். ஒருத்தர் அவள் தலையில் கை வைத்து ஜெபித்தார். ஓர் அம்மா பையை வாங்கிக்கொண்டு, கிட்டத்தில் போய், "எம்புட்டு நாளு அங்கன இருந்த?" என்று கேட்டார். அவள் அடுத்த பையை எடுத்து மடித்தாள். யாரோ செல்போனைத் தூக்கியதைப் பார்த்து ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். போட்டோ எடுத்தாகிவிட்டது என்று சிரித்தார்கள். எல்லாருமே நல்லவர்கள். ஒருத்தர்கூட அவளை அவமானப்படுத்த நினைக்கவில்லை. அந்த இரண்டு அறையையும் கட்டி முடித்து, இப்போது அதில் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பதையும் நான் சொல்லியாக வேண்டும்.

செய்தி தளவாய்புரம் வரைக்கும் போய்விட்டது. தையல் கூடத்தில் அவள் உள்ளே வந்தால் பேச்சு நின்றுவிடுமாம். துணி ஏற்ற வருகிற வண்டிக்காரர் ஒருவர், நேரமாகிவிட்டால் நான் வீட்டில் கொண்டுவந்து விடுகிறேன் என்று ஒரு மாதிரியாகச் சிரித்துக்கொண்டு சொன்னாராம். இதெல்லாம் அவள் என்னிடம் சொல்லவில்லை, பிறகு இல்லத்துச் சகோதரி சொல்லித்தான் தெரியும். என்னிடம் எப்போதும்போல டீ வாங்கிக் குடிப்பாள், சீக்கிரமே மாடிக்குப் போய்விடுவாள். கீழே இருந்தாலும் இரண்டு தாழ்ப்பாளும் விழுகிற சத்தம் எனக்குக் கேட்கும்.

விழா முடிந்த மூன்றாவது வாரம் அந்தச் சகோதரி ஆட்டோவோடு வந்து நின்றார். அவள் வேறு ஊருக்குப் போகிறாள் என்றார். பையைத் தூக்கிக்கொண்டு இறங்கி வந்தவளின் கையைப் பிடித்துக்கொண்டேன். "என்னைய ரெண்டு வார்த்த திட்டிட்டாவது போயேன்டி" என்றேன்.

அவள் என்னை நேராகப் பார்த்தாள். "நீங்க யார்கிட்டயாவது பொரணி பேசியிருந்தா சண்ட போட்டிருப்பேன் பெரியம்மா. நீங்க ஆண்டவர்கிட்டல்லா சொன்னிய. ஒரு கோவம்கூடப் பட முடியாமப் பண்ணிட்டியளே" என்றாள். குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள். கையை மெல்ல விடுவித்துக்கொண்டு ஆட்டோவில் ஏறிவிட்டாள்.

ஒரு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு இல்லத்துக்கே போனேன். அந்தச் சகோதரி டீ கொடுத்து மரியாதையாகத்தான் பேசினார். நன்றாக இருக்கிறாள், வேலைக்கும் போகிறாள் என்றார். எந்த ஊர் என்று கேட்டேன். "அத மட்டும் கேக்காதீங்கக்கா. உங்ககிட்டச் சொல்ல வேண்டாம்னு அவளே சொல்லியிருக்கா" என்றார். டீயைப் பாதியில் வைக்கக் கூடாது என்று குடித்து முடித்துவிட்டு வந்தேன்.

மறுபடியும் ஒரு தட்டு. மறுபடியும் டிவி. மாடி அறையை வாடகைக்குக் கேட்டு இரண்டு மூன்று பேர் வந்தார்கள், கொடுக்க மனம் வரவில்லை. மகன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாடியில் இருந்த பெண் எங்கே என்று கேட்டான். வேலை மாறிப் போய்விட்டாள் என்றேன். இதில் எல்லாவற்றையும்விட என்னைத் தனியாக்கிய விஷயம் வேறு. ராஜபாளையத்தில் இன்றைக்கும், "அன்னைக்கு உங்க ஜெபந்தான்கா எல்லாத்தையும் மாத்துச்சு" என்று பாராட்டுகிறார்கள். நான் செய்தது தப்பு என்று அவர்களிடம் சொல்ல வேண்டுமென்றால் அவள் கதையை இன்னொரு தடவை அதே பாயில் எடுத்து வைக்க வேண்டும். அதனால் மன்னிப்புக் கேட்கவும் எனக்கு ஆளில்லை, அழுது தீர்க்கவும் ஆளில்லை. சங்கிலி ஜெபத்தில் என் முறை வந்தால் பக்கத்தில் இருப்பவரின் தோளைத் தொட்டுவிட்டுச் சும்மா இருந்துவிடுவேன். அக்காவுக்கு வயதாகிவிட்டது, சுகர் வேறு என்று நினைத்துக்கொள்கிறார்கள். நினைக்கட்டும்.

இதை எழுத அவளிடம் அனுமதி கேட்க எனக்கு வழியில்லை. அதனால் அவளுடைய வயது, தொழில், அவள் வேலை பார்த்த ஊர் என்று அவளைக் காட்டிக்கொடுக்கக்கூடிய எல்லாவற்றையும் மாற்றியே எழுதியிருக்கிறேன். என்னைப் பற்றியதில் எதையும் மாற்றவில்லை. இப்போதும் தினமும் அவளுக்காக ஜெபிக்கிறேன், உதடு அசையாமல். எங்கேயோ ஓர் ஊரில், அவளைப் பற்றி ஒன்றுமே தெரியாத மனிதர்களுக்கு நடுவில் அவள் நன்றாக இருக்க வேண்டும், அது எந்த ஊர் என்று எனக்கும் கடைசிவரை தெரியாமலே இருக்க வேண்டும் என்று கேட்கிறேன். இத்தனை வருடத்தில் நான் செய்த ஜெபங்களிலேயே எனக்குச் சொல்லி முடிக்கக் கஷ்டமான ஜெபம் இதுதான்.