லூர்துசாமியும் முன்னாள் பிரதமரும்

பட்டினப்பாக்கம் குப்பத்து லூர்துசாமியின் வலையில் எது வேண்டுமானாலும் சிக்கும், மீனவர் சங்கத் தலைவர் பதவி மட்டும் சிக்காது. வருஷா வருஷம் வேலம்மாதான் ஜெயிப்பாள்.

இந்த வருஷம் விடுவதில்லை என்று, லஸ் நடைபாதைக் கடையில் ஒரு முன்னாள் பிரதமரின் சுயசரிதையை வாங்கி வந்தார். தலைக்கு வைத்துத் தூங்கலாம், அத்தனை தடிமன். படகு நிழலில் உட்கார்ந்து, வரிக்கு அடியில் விரலை ஓட்டி, வாய் அசைய அசையப் படித்தார்.

"இன்னாய்யா, பரீச்சையா?" என்றாள் மனைவி ஜெசிந்தா.

"அரசியல்டி. நாடே இதுக்குள்ள கீது."

நாடு இருந்ததோ இல்லையோ, ஒரு யோசனை இருந்தது. தேர்தல் வந்தால் அந்தப் பிரதமர் எதிராளி வீட்டுக்குக் கூப்பிடாமலே போய்ச் சாப்பிடுவாராம். 'எவ்ளோ பெரிய மனசு' என்று ஜனம் உருகி ஓட்டுப் போட்டுவிடுமாம்.

தேர்தலன்று காலை, வெள்ளைச் சட்டையோடு வேலம்மா வீட்டு வாசலில் நின்றார். "இன்னாக்கா, சோறு கீதா?" தெருவே பார்த்தது. ஒரு வாய் தொட்டுவிட்டு எழுந்துவிடுவதாகத்தான் திட்டம். வஞ்சிரக் குழம்புக்குத் திட்டம் தெரியுமா? மூன்று தரம் சோறு வாங்கினார்.

சாயங்காலம் மீன் ஏலக் கொட்டகையில் ஓட்டுக்குக் கை தூக்கினார்கள். பெரிய மனசு வேலை செய்திருந்தது! கைகளை எண்ணிய குப்பத்துப் பையன் ஜான்சனே நம்பாமல் மறுபடி எண்ணினான். இரண்டு பக்கமும் சமம். பாக்கி லூர்துசாமியின் கை ஒன்றுதான்.

"தூக்கு மாமா!" என்றான் ஜான்சன்.

கை பாதியில் நின்றது. ஒருவர் வீட்டு உப்பைத் தின்றால், மறுநாள் விடியும்வரை அவருக்கு எதிராகக் கை தூக்கக் கூடாது. அது குப்பத்து வழக்கம். புத்தக மும்முரத்தில் அதை மறந்தே போயிருந்தார்.

"ஐயோ, துன்னுட்டா வந்துகீற?" ஜெசிந்தா தலையில் அடித்துக்கொண்டாள்.

அவர் விரலை முகர்ந்து பார்த்தார். சோப்புக்கும் போகாத மணம். கை வேலம்மாவுக்காக உயர்ந்தது.

"மூணாவது வாட்டியும் மீன் துண்டு வெச்சேனே, பாசத்துலன்னா நெனச்ச?" என்றாள் வேலம்மா.

"அந்தப் புக்கைக் கடல்ல போடுய்யா!" என்றாள் ஜெசிந்தா.

"ஏன்டி? இப்பத்தான் அரசியலே புரிஞ்சுது. இந்தாளு எதிராளி வூட்ல துன்னுட்டு, மறுமாசமே அவன் ஆட்சியைக் கவுத்துகீறான். டெல்லில கொழம்புக்கு உப்பே போட மாட்டாங்க போலகீது."

கொட்டகை சிரிப்பில் அதிர்ந்தது. வேலம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே, "அந்தாளை ஒருநா நம்ம வூட்டாண்ட வரச்சொல்லு, நான் போடறேன் உப்பு" என்றாள்.

ஜான்சன் லூர்துசாமியைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடினான். ரோட்டில் போனவர்களுக்கு ஜெயித்தது யார் என்றே விளங்கவில்லை.