மரண அறிவித்தல் பக்கத்தைத் திருத்த வந்தவர்

பிள்ளைகளே, வெள்ளவத்தையில் மரண அறிவித்தல் போடும் இணையத்தளம் ஒன்றில் நான் வேலை செய்கிறேன். ஒரு நாள் காலை, இறந்தவர்களின் படங்கள் இருந்த இடமெல்லாம் சூதாட்ட விளம்பரம். அன்று மூன்று மணிக்குக் கொட்டாஞ்சேனையில் ஓர் அம்மாவின் இறுதிக்கிரியை. கனடாவிலுள்ள அவருடைய பிள்ளைகள் எங்கள் பக்கத்தில்தான் அதை நேரலையாகப் பார்க்க இருந்தார்கள்.

திருத்த வந்தவர் மெலிந்த மனிதர். ஒவ்வொரு முறையும் விரலைக் காற்சட்டையில் துடைத்துவிட்டுத்தான் தட்டச்சு செய்தார்.

"படம் அனுப்பவெண்டு தளத்தில பூட்டின பிளகின்ல, அந்தச் சின்ன மென்பொருளில, ஓட்டை. அதாலதான் சூதாட்டக்காரங்கள் உள்ளுக்கு வந்திருக்கிறாங்கள். அப்டேட் செய்யச் சொல்லிக் கேட்டிருக்குமே அண்ணை?"

"ஓம் தம்பி, ஒவ்வொரு நாளும் கேட்டது. ஒருத்தற்ற பிரேதம் வீட்டில கிடக்கேக்க அவற்ற அறிவித்தல் பக்கத்தில கை வைக்கக் கூடாதெண்டு விட்டனான்."

"பிரேதம் இல்லாத நாள் எது அண்ணை?"

தளத்தை உடனே மூட வேண்டும் என்றார்.

"ஐயோ, மூண்டு மணிக்குப் பிரேதம் எடுக்கினம்!" என்று கெஞ்சினேன்.

"இப்ப பிள்ளையள் பக்கத்தைத் திறந்தா தாயைக் காணமாட்டினம். சூதைத்தான் காணுவினம்."

மூடினார். பிறகு வெறும் வெள்ளைப் பக்கம் ஒன்றில் அந்த அம்மாவின் பெயரையும் நேரலை இணைப்பையும் மட்டும் அடித்து, அதே முகவரியில் வைத்தார்.

மூன்று மணிக்குப் பெட்டியைத் தூக்கியது திரையில் தெரிந்தது. முன்பின் தெரியாத அந்த அம்மாவுக்காக அவர் எழுந்து நின்றார். எத்தனையோ அறிவித்தல் போட்ட நான் கதிரையிலேயே இருந்தேன்.