கடலடியில் தலையாட்டக் கூடாது

எங்கள் சடையப்ப மாமா இறங்கினால்தான் கடலுக்கே மூச்சு வரும். அவர் லீவில் ஊருக்கு வந்துவிட்டால் சிலோன் மீன்களெல்லாம் வேலைநிறுத்தம் செய்யும், சுறாவுக்கு ஜலதோஷம் பிடிக்கும், ஜெர்மன்காரர்கள் கரையில் உட்கார்ந்து மூக்கைச் சிந்துவார்கள். கடலில் உப்புப் போட்டவரே அவர்தான் என்று செவ்வாப்பேட்டை ஸ்டேஷனில் முறுக்கு விற்கிற அம்மாளிடம் ஒருமுறை சொன்னேன். "அதான் இப்டி கரிக்குதா? கை கொஞ்சம் தாராளம் போல கீது உங்க மாமனுக்கு" என்றாள்.

நிஜம் இவ்வளவு பெரியதில்லை. மாமா என்னுடைய அக்கா சந்திரகலாவைக் கட்டிக்கொண்டவர். அப்பா அம்மா இல்லாதவர் என்பதால் லீவில் அவருக்கு எங்கள் வீடுதான் வீடு. சின்ன வயதில் ஊர்க் கிணறுகளில் முங்கி, பம்பு செட்டுக் குழாயின் அடியில் அடைத்துக்கொண்ட பாசியை எடுத்துவிடுகிற வேலை செய்தார். பிறகு எண்ணூரில் ஒரு காண்ட்ராக்டரிடம் கடலுக்கடியில் வேலை. அங்கே வந்திருந்த ஹெல்மூத் என்ற ஜெர்மன்காரர் இவர் முங்குகிற அழகைப் பார்த்தார். சிலோனில் ஹிக்கடுவை என்ற கடற்கரை ஊரில், வெள்ளைக்காரர்களுக்குக் கடலில் முங்கக் கற்றுத்தரும் கடை ஒன்றை அவர் திறந்தபோது மாமாவையும் கூட்டிப்போய்விட்டார். அங்கே கடல் கொந்தளிக்கிற மாதங்களில் கடையை மூடிவிடுவார்கள். அப்போது மாமா இங்கே வருவார். ஐப்பசி பிறந்ததும் திரும்பிப் போகவேண்டும்.

கல்யாணமான புதிதில் அக்கா அவரிடம் தினமும் கேட்கிற கேள்வி, "அங்க இன்னா பண்ணுவ?" என்பதுதான். நான் பாயில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு காதை மட்டும் இந்தப் பக்கம் வைத்திருப்பேன்.

"காலைல சிலிண்டருக்குக் காத்து அடிக்கணும். அந்த மிஷினு நம்ம பம்பு செட்டு மாதிரியே கத்தும். அப்புறம் பாடம். பேங்கு மேனேஜரு, டாக்டரு, போலீசு, எல்லாம் இடுப்பளவு தண்ணில முட்டி போட்டுக்கினு பால்வாடி புள்ளைங்க கணக்கா குந்திக்கினு இருப்பாங்க. கைய புடிச்சிக்கினா எனக்குத் தெரிஞ்சிடும், யாருக்கு பயம், யாரு பயம் இல்லாத மாதிரி நடிக்கிறாங்கன்னு. பவளப்பாறை வரைக்கும் கூட்டிக்கினு போய் கூட்டியாரணும். மதியம் ரப்பர் டிரஸ்ஸெல்லாம் நல்ல தண்ணில அலசிக் காயப்போடணும். ஆளே இல்லாத ஆளுங்க வரிசையா கொடில தொங்கும்."

"அப்புறம்?"

"அப்புறம் மறுபடியும் கடலு. சாயங்காலம் காது கொய்ங்குனு இருக்கும். சோத்துல உப்பு கீதா இல்லியான்னு நாக்குக்குத் தெரியாது."

"யார்கூட பேசுவ?"

"கடைல ஜெர்மன். ஊருல சிங்களம். தமிழ்ல பேசணும்னு தோணிச்சின்னா தண்ணிக்குள்ள பேசிக்குவேன். குமிழியா மேல போயிடும்."

சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவளுக்கு இதில் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. கொசு கடித்த மாதிரி புரண்டு படுத்தேன்.

கடலடியில் வாய் உதவாது, எல்லாம் கைதான். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வளையமாகச் சேர்த்தால் 'சரி'. கட்டைவிரலை உயர்த்தினால் 'மேலே போகலாம்'. இதெல்லாம் மாமாவுக்கு ஒரே நாளில் வந்துவிட்டது. வராமல் போனது தலை. ஒரு ஜெர்மன் அம்மாள் வளையம் காட்டி 'சரியா?' என்று கேட்டால், இவர் நம் ஊர்ப் பழக்கத்தில் தலையை இந்தத் தோளுக்கும் அந்தத் தோளுக்கும் சாய்த்து ஆட்டுவார். நமக்கு அது 'சரிம்மா, சரி'. அவர்களுக்கு அது 'இல்லை, ஏதோ ஆபத்து'. முதல் வாரத்தில் மூன்று தடவை மொத்தக் கூட்டமும் அலறிப் புடைத்துக்கொண்டு மேலே வந்ததாம். ஹெல்மூத் ஒரு நாள் மாமாவின் தலையை இரண்டு கையாலும் பிடித்து நேராக நிறுத்தி, "இது ஆடக் கூடாது" என்று அவர் பாஷையில் சொன்னார். அன்றிலிருந்து ஆடவில்லை.

ஆடாத தலையோடு ஊருக்கு வந்தால் சும்மா விடுவேனா? அம்மா "கொழம்பு ஊத்தட்டுமா?" என்று கேட்பாள். மாமா விரலால் வளையம் காட்டுவார். "ஒண்ணுமே வாணாமாம்மா, முட்டை போடறாரு" என்று நான் மொழிபெயர்ப்பேன். "போதுமா?" என்றால் கட்டைவிரலை உயர்த்துவார். "மாடி மேல போறாராம்." எங்கள் வீட்டில் மாடி கிடையாது. அவருடைய முங்கு கண்ணாடியின் ரப்பர் விளிம்பில் ஒரு நாள் மை தடவி வைத்தேன். மாட்டிக் கழற்றினார். முகத்தைச் சுற்றி வட்டமாகக் கறுப்பு. அதோடு கடைத்தெரு வரை போய் வந்தார். திரும்பி வந்து, "செல்வி, ஊர்ல எல்லாரும் என்னப் பாத்து இவ்ளோ அன்பா சிரிக்கிறாங்களே" என்றார். எல்லாம் தெரிந்துதான் சொன்னார். அதுதான் அவரிடம் பேஜாரு. கோபித்துக்கொள்ளவே மாட்டார்.

இந்த ஐப்பசியில் அக்காவையும் கூட்டிப்போக வேண்டும் என்பது அவர் ஆசை. அக்காவுக்கோ தண்ணீர் என்றால் நடுக்கம். ஆறு வயதில் எங்கள் கிணற்றுப் படியில் வழுக்கி விழுந்து, மற்றவர்கள் தூக்கியெடுத்துப் பிழைத்தவள். அதன்பிறகு சொம்பில் மொண்டு ஊற்றிக் குளிப்பதோடு சரி. ராமேஸ்வரத்தில் கப்பலேறிக் கடல் தாண்ட வேண்டும். அங்கே குடியிருக்கப் போகிற ஒற்றை அறைக்கு வாசல்படி வரை அலை வரும்.

"கப்பல்ல ஏறணும்னா மொதல்ல நம்ம கெணத்துல ஒரு முங்கு முங்கி எழணும்" என்று அக்காவே சொன்னாள். "எழுந்தா வரேன். முடியலன்னா என்ன வுட்டுடு."

"நீ வரலன்னா நானும் போவல. கும்மிடிப்பூண்டில புதுசா கம்பெனி வருதாம். வாட்ச்மேனா நின்னுக்கறேன்."

மாமா சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் மறுநாளே அங்கே போய் விசாரித்துவிட்டு வந்தார். ஸ்டூல் போட்டு, காக்கிச் சட்டையில், லாரி வந்தால் கேட்டைத் திறக்கிற மாமாவை நான் மனதில் உட்காரவைத்துப் பார்த்தேன். அக்கா இங்கேயே இருப்பாள், அது நல்லது. ஆனால் அந்த ஸ்டூலில் அவர் பொருந்தவில்லை. நானும் எப்படியெப்படியோ உட்காரவைத்துப் பார்த்தேன்.

வெளியில் நான் வேறு மாதிரிதான் பேசிக்கொண்டிருந்தேன். "போய்த் தொலையட்டும்மா. ஜன்னலாண்ட பாயும் டிரங்குப் பெட்டியும் எனக்கு."

"அக்கா போறாளேன்னு ஒரு சொட்டு வருத்தம் கீதா பாரு இதுக்கு" என்றாள் அம்மா.

"இன்னாத்துக்கு வருத்தம்? தூக்கத்துல எட்டி ஒதைக்கிற காலு ரெண்டு கொறையும்."

புரட்டாசி மழையில் கிணறு மேல்படி வரை ஏறியிருந்தது. தினமும் சாயங்காலம் பாடம் நடந்தது. அக்கா ஒரு படி இறங்குவாள், இரண்டு படி ஏறுவாள். "அங்க முதுகுல சிலிண்டரு, மூச்ச அடக்காதன்றது மொத பாடம். இங்க அடக்குன்றது மொத பாடம். ஊட்டுக்கு வந்தா எல்லாம் தலைகீழு" என்று மாமா சிரிப்பார், அவசரப்படுத்த மாட்டார். அவள் கையைப் பிடித்துக்கொண்டு கழுத்தளவு தண்ணீரில் நிற்பார், அவ்வளவுதான். கிணற்றின் எதிர்ச்சுவரில் தவளை மாதிரி ஒட்டிக்கொண்டு நான் வேடிக்கை பார்ப்பேன். புறப்படுகிற நாள் நெருங்கிவிட்டது. அக்காவின் தலைமுடி நுனிகூட நனையவில்லை.

அன்றைக்கு அவள் என்ன நினைத்தாளோ, மூக்கைப் பிடித்தாள், கண்ணை மூடினாள், போய்விட்டாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு மாமாவும் கூடவே முங்கினார். நானும் என் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். பத்து எண்ணி முடிப்பதற்குள் மாமா அவளை வாரித் தூக்கிக்கொண்டு மேலே வந்துவிட்டார்.

"இன்னா ஆச்சி? இன்னா ஆச்சி கலா?" அவர் முகம் வெளுத்திருந்தது.

அக்கா முகத்தை வழித்துக்கொண்டு கத்தினாள். "எனக்கு இன்னா ஆச்சி? ஒனக்குத்தான்யா ஏதோ ஆயிட்ச்சி! விரல வளைச்சி சரியான்னு தட்டிக் கேட்ட. கண்ணத் தொறந்து பாத்தேன். சரின்னு தலையாட்டினேன். எதுக்குத் தூக்கின?"

"நீ தல ஆட்டின..."

"சரின்னா தலதான்யா ஆட்டுவாங்க! காலையா ஆட்டுவாங்க?"

மாமா நாலு வருஷமாகக் கடலடியில் தலை ஆடினால் ஆளைத் தூக்கிப் பழகியவர். சொந்தப் பெண்டாட்டி சொந்த ஊர்க் கிணற்றில் 'சரி' என்றதை ஜெர்மன்காரர் மாதிரி படித்துவிட்டார். நான் சுவரில் ஒட்டிக்கொண்டே சிரித்துச் சிரித்துத் தண்ணீர் குடித்தேன். அக்காவுக்கு வந்ததே கோபம். பயம் எந்தப் பக்கம் போனதென்றே தெரியவில்லை. "கைய வுடு" என்று உதறினாள். மூக்கைக்கூடப் பிடிக்காமல் தானாகவே முங்கினாள். எழுந்தாள். மறுபடியும் முங்கினாள். எழுந்து படியில் உட்கார்ந்து, கூந்தலை முறுக்கிப் பிழிந்தபடி, "டிக்கெட் எடுத்துட்டு வா" என்றாள்.

மாமா தலையை இந்தத் தோளுக்கும் அந்தத் தோளுக்கும் சாய்த்து ஆட்டினார்.

"பாய் எனக்கு!" என்று கூவிவிட்டு நான் முங்கினேன்.

கிணற்றுக்குள் முங்கினால் ஒரு வசதி உண்டு. அங்கே யாரும் யாரையும் சரியாகப் பார்க்க முடியாது. எல்லாம் பச்சையாக, கலங்கலாக இருக்கும். முகம் கோணினாலும் தண்ணீர் கோணியதாகத்தான் தோன்றும். கடைசிப் படியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். யாரோ தோளைத் தட்டினார்கள். மாமாவின் கை வளையமாக வந்து என் முகத்துக்கு முன்னால் நின்றது. நானும் விரலைச் சேர்த்து, அழகாக, வட்டமாக, வளையம் காட்டினேன்.

மேலே வந்ததும், "கண்ணுல தண்ணி பூந்துட்ச்சி" என்றேன், யாரும் கேட்பதற்கு முன்பே.

மாமா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. தண்ணீருக்குள் கண்ணாடி மாட்டியிருந்த அவருக்கு மட்டும் எல்லாம் தெளிவாகத் தெரிந்திருக்கும்.

"செல்வி," என்றார், அக்காவுக்குக் கேட்காதபடி மெதுவாக. "கை சரி சரின்னு சொல்லிச்சி. தல மட்டும் இல்ல இல்லன்னு ஆடிக்கினே இருந்துச்சே. தல சொல்றதத் தப்பா படிக்கக் கூடாதுன்னு இப்பதான் ஒங்கக்கா கிட்ட பாடம் கத்துக்கினேன். நான் எத நம்பட்டும்?"