கதவண்ணன் கணிப்பு

கடைசிப் பாட்டு முடிந்து கைதட்டல் எழும்போது கதவண்ணன் இரட்டைக் கதவில் ஒரு பாதியை மட்டும் திறக்கிறார். மற்றப் பாதியின் தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டு முகத்தைச் சுளிக்கிறார். "இறுகிப்போச்சு சார், ஒரு நிமிஷம். இப்படி ஒவ்வொருத்தரா வாங்க." தாழ்ப்பாளுக்கு ஒரு கேடும் இல்லை. அதற்கு எண்ணெய் விடுகிறவரே அவர்தான். கூட்டம் குறுகி, ஆள் ஆளாக அவர் காதோரமாக வெளியே போகவேண்டும். அதற்காகத்தான் இந்த நடிப்பு.

"வெளிய வந்ததும் வாயில வர்ற முதல் வார்த்தைதான் தம்பி நிஜம். படி இறங்கிட்டான்னா விமர்சகன் ஆயிடுவான்" என்பார்.

எங்கள் அரங்கம் ஒரு மரச்சாமான் கடைக்குப் பின்னால் இருக்கிறது. கடையில் கட்டிலை இழுத்தால் எங்கள் மேடையில் இடி இடிக்கும். அங்கே டிக்கெட் கிழிப்பது, இருட்டில் இடம் காட்டுவது, போனை அணைக்கச் சொல்வது, கதவைத் திறந்து மூடுவது எல்லாம் கதவண்ணன் வேலை. நெடுநெடுவென்ற மெலிந்த ஆள். கறுப்புக் கோட்டு அவர்மேல் ஆணியில் மாட்டியதுபோலத் தொங்கும். நாடகம் நடக்கும்போது மேடைக்கு முதுகைக் காட்டித்தான் நிற்பார். நாடகத்தை அவர் பார்ப்பதில்லை. நாடகம் பார்க்கிறவர்களின் கால்களைப் பார்க்கிறார்.

"பாட்டுன்னா கால் ஆடணும். நடிப்புன்னா கால் நிக்கணும். ரெண்டும் இல்லாம செருப்பைத் தேடுச்சுன்னா, முடிஞ்சுது கதை."

கால்களிலிருந்தும் கதவோரத்து முதல் வார்த்தைகளிலிருந்தும் அவர் செய்வது ஒரே காரியம்: நகரத்து நாடக விருதுகளில் எது யாருக்குப் போகும் என்று முன்கூட்டியே சொல்வது. விடுமுறை நாளில்கூட மற்ற அரங்குகளின் வாசலுக்குப் போய்விடுவார். ஒருமுறை நானும் கூடப் போனேன். பெரிய அரங்கின் வாசலில் குடையை ஊன்றிக்கொண்டு, வீட்டுக்காரி வரக் காத்திருக்கிறவர்போல நின்றார். காவலாளி வந்து, "யாருக்காக நிக்கிறீங்க?" என்று கேட்டார். "உள்ள இருக்கிற எல்லாருக்காகவும்தான்" என்றார் கதவண்ணன். காவலாளி அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

கணிப்பு பெரும்பாலும் பலிக்கும். பலிக்காததும் உண்டு. ஒரு மழைக்காலத்தில் கிழவன் வேடம் போட்ட நடிகருக்கு நிச்சயம் விருது என்று அடித்துச் சொன்னார். முன்வரிசை முழுக்க ஒரு கால்கூட அசையவில்லையாம். கூரை ஒழுகித் தரையெல்லாம் ஈரமாகி, அத்தனை பேரும் காலைத் தூக்கி நாற்காலிக் கம்பியில் வைத்திருந்தார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. அந்த நடிகர் இன்னமும் அவரோடு பேசுவதில்லை.

நான் புள்ளியியல் படித்தவன். எங்கள் வம்சத்தில் பட்டமளிப்பு அங்கியை முதலில் மாட்டியவன் நான்தான் என்பதால் அதை இடம் கிடைத்தால் சொல்லிவிடுவது வழக்கம். இப்போது இந்த அரங்கின் விளம்பர வேலையைப் பார்க்கிறேன். "அண்ணே, கதவுப் பக்கம் உட்கார்ந்தவங்கதான் முதல்ல வெளிய வருவாங்க. அவங்க மட்டும் மொத்தக் கூட்டம் ஆயிடுவாங்களா?" என்று ஒருநாள் மடக்கினேன். அவர் யோசித்தார். மறுநாளிலிருந்து ஒருநாள் இடப்பக்கக் கதவு, ஒருநாள் வலப்பக்கக் கதவு என்று மாறி மாறி நிற்கிறார். சொன்னால் கேட்டுக்கொள்கிற மனிதர்.

இந்த வருடம் சங்கடம் எங்கள் அரங்குக்குள்ளேயே வந்துவிட்டது. 'சலவை நாள்' என்ற எங்கள் இசை நாடகம், ஒரு சலவைக்கூடத்துப் பெண்கள் தண்ணீர் நின்றுபோன நாட்களைக் கடக்கிற கதை, ஐந்து விருதுகளுக்கான இறுதிச் சுற்றில் நின்றது. எதிரே நிற்பது பெரிய அரங்கின் அரண்மனை நாடகம். அவர்கள் மேடையில் சரவிளக்கு இறங்கும், நீரூற்று பொங்கும். எங்கள் மேடையில் இருப்பது கொடிக்கயிறும் வாளியும். அந்த ஐந்தில் ஒன்று ஆடை அமைப்பு. எங்கள் நாடகத்துக்கு ஆடை செய்தவர் கதவண்ணனின் மனைவி.

அண்ணியைத் தையல் அறையில்தான் பார்க்கலாம். வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டே பேசுவார், ஒன்றுகூடக் கீழே விழாது. 'சலவை நாளு'க்கு அவர் செய்த வேலை விசித்திரமானது. புதுத் துணியில் சட்டை தைத்து, அதைக் கல்லில் அடித்து, ஒரு பக்கத்தை மட்டும் வெயிலில் வாட்டி, மடிப்பு மேசையில் வேலை செய்கிறவளுக்கு முழங்கையை நைத்து, இஸ்திரிக்காரிக்கு வயிற்றுப் பக்கத்தை லேசாகக் கருக்கி வைத்திருந்தார். ஒவ்வொரு சட்டையிலும் மூன்று பிரதிகள். காட்சிக்குக் காட்சி நடிகைகள் மாற்றிக்கொள்வார்கள். நாடகம் போகப்போக உடுப்பு வெளுத்துக்கொண்டே போகும்.

இத்தனை செய்தும் நாடக விவரம் அச்சடித்த தாளில் அண்ணியின் பெயர் 'தையல்' என்ற இடத்தில்தான் வரும். அடுத்த நாடகம் பெரியது. அதற்கு ஆடை வடிவமைக்க வெளியிலிருந்து ஆள் வேண்டும் என்று நிர்வாகக் குழு பிடிவாதமாக நின்றது. இயக்குநர் பெண் அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "அக்கா, இந்த விருது மட்டும் வந்துடட்டும். அடுத்ததுக்கு நீங்கதான் டிசைனர். அவங்க வாயை நான் அடைச்சிடறேன். வரலைன்னா என்னால ஒண்ணும் சொல்ல முடியாதுக்கா."

இறுதிச் சுற்று விவரம் வந்த அன்று எல்லாரும் தையல் அறையில் கூடிவிட்டோம். கதவண்ணனை நடுவில் ஒரு முக்காலியில் உட்கார வைத்தாயிற்று.

"பாட்டு?" என்றார் லைட் போடுகிறவர்.

"வந்துரும். நுரைப் பாட்டை மூத்திரத்துக்கு நிக்கிற வரிசையில கூட முணுமுணுக்கிறாங்க."

"நாயகிக்கு?"

"உண்டு. தண்ணி வராதுடின்னு அந்தப் பொண்ணு மெதுவா சொல்ற இடத்துல ஒரு கால் அசையல."

"தரை காய்ஞ்சிருந்துச்சாண்ணே?" என்றார் லைட்காரர். அறையே சிரித்தது. கதவண்ணனும் சிரித்தார்.

"சிரிங்க சிரிங்க. உங்க லைட்டுக்கு அறிகுறியே கிடையாது. நடுவருங்க கண்ணாடியைத் துடைச்சிட்டு வந்தாங்கன்னா உண்டு. மொத்தத்துல சிறந்த நாடகம்னு யாரும் ஆசைப்படாதீங்க. அரண்மனைக்காரன் தூக்கிட்டுப் போயிடுவான்."

அண்ணி வாயிலிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து ஊசி மெத்தையில் குத்தினார். "டிரஸ்?" என்றார்.

"இரு, தண்ணி குடிச்சிட்டு வரேன்."

"இப்பதானே குடிச்சீங்க. சொல்லுங்க."

கதவண்ணன் முக்காலியின் விளிம்பைத் தடவினார். "வராதும்மா" என்றார்.

அண்ணி "சரி" என்று சொல்லிவிட்டு இஸ்திரிப் பெட்டியைக் கையில் எடுத்தார். அறை மெல்லக் காலியானது. லைட்காரர் நடைவழியில் கதவண்ணனைப் பிடித்துக்கொண்டார். "ஏண்ணே, கட்டின பொண்டாட்டிகிட்ட ஒரு பொய் சொன்னா என்ன குறைஞ்சுபோயிடும்?"

"டிரஸ்ஸுக்குப் பொய் சொன்னா, நாயகிக்கு உண்டுன்னு சொன்னதை அந்தப் பொண்ணு எப்படிப்பா நம்பும்?"

மறுநாளிலிருந்து அரங்கில் எல்லார் உடுப்பும் மடிப்புக் கலையாமல் வந்தது, கதவண்ணனின் கோட்டைத் தவிர. கசங்கிய கோட்டோடு வாசலில் நின்று டிக்கெட் கிழித்தார். "என்னண்ணே, உங்க வீட்டுப் பக்கம் மட்டும் கரன்ட் இல்லையா?" என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். "கரன்ட் ஜாஸ்தியா இருக்கு. அதான் பக்கத்துல போகல" என்பார். சொன்ன சொல்லை மட்டும் மாற்றவில்லை.

ஆனால் ஒரு வழக்கத்தை மாற்றினார். காதில் விழுவதைக் கேட்பாரே தவிர, யாரையும் நிறுத்தி அவர் கேள்வி கேட்டதில்லை. அது கெட்ட கணிப்பு என்பார். அந்த வாரம் கதவில் நின்று, வருகிறவர்களை எல்லாம் கேட்க ஆரம்பித்தார். "டிரஸ் எப்படி இருந்துச்சுங்க?" பலர் விழித்தார்கள். பருத்த அம்மாள் ஒருத்தி நின்று, "எந்த டிரஸ்? அந்தப் பொண்ணுங்க அவங்கவங்க சொந்தத் துணியைத்தானே போட்டிருந்தாங்க?" என்று அவரையே திருப்பிக் கேட்டாள்.

அதை அப்படியே அண்ணியிடம் வந்து சொன்னார். நான் அப்போது பொத்தான் தைக்கக் கொடுத்த என் சட்டைக்காகத் தையல் அறையில் காத்திருந்தேன்.

"கேட்டியா? சொந்தத் துணின்னு நினைச்சிட்டாங்க. அதனாலதான் சொல்றேன் வராதுன்னு."

அண்ணியின் கை தையல் மிஷினில் நின்றது. அந்த வாரத்தில் முதல்முறையாக அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். "சொந்தத் துணின்னா சொன்னாங்க? இன்னொரு தடவை சொல்லுங்க."

"சொந்தத் துணின்னு... ஏம்மா, நான் என்ன சொல்றேன், நீ எதுக்குச் சிரிக்கிற?"

"அப்ப வந்துரும். இதைவிட என்ன வேணும்?"

"கண்ணுக்கே தெரியாததுக்கு யாரு பரிசு தருவான்?"

"தெரியக்கூடாதுன்னுதானே அந்தப் பாடு பட்டேன்!"

ஒரே வார்த்தையை வைத்துக்கொண்டு இருவரும் எதிரெதிர்த் திசையில் இழுத்தார்கள். கடைசியில் அண்ணி என் பக்கம் திரும்பினார். "தம்பி, நீ கணக்குப் படிச்சவன். நீ சொல்லு." பழைய விருதுகளை எல்லாம் நான் ஏற்கெனவே போட்டுப் பார்த்திருந்தேன். ஆடைப் பரிசு பளபளப்பைவிட்டு வேறு எங்கும் போனதாகத் தெரியவில்லை. "சொல்ல முடியாது அண்ணி, தரவு பத்தாது" என்றேன். பட்டப்படிப்பு இப்படி ஒரு சௌகரியத்தையும் தருகிறது. கதவண்ணன் என்னை ஒரு பார்வை பார்த்தார்.

விருது விழா ஒரு பிற்பகலில், அதே பெரிய அரங்கில். எங்கள் குழுவுக்கு நடுவில் ஒரு வரிசை ஒதுக்கியிருந்தார்கள். கதவண்ணன் உள்ளே நுழைந்ததும் கதவின் கீலைத் தொட்டுப் பார்த்தார். அண்ணி அவருக்குப் பக்கத்தில், புதிதாகத் தைத்த சாம்பல் நிற உடுப்பில், மடியில் கையைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

முதலில் பாட்டு. நுரைப் பாட்டுக்குத்தான். எங்கள் வரிசையே எழுந்து குதித்தது. கதவண்ணன் மட்டும், வரவேண்டிய பஸ் வந்ததுபோலத் தலையை லேசாக ஆட்டினார்.

அடுத்தது ஆடை அமைப்பு. திரையில் படங்கள் வந்தன. அரண்மனை நாடகத்தின் பச்சைக் கவுன், படிக்கட்டு நீளத்துக்கு வால், அதில் மினுமினுக்கும் சின்னச் சின்ன விளக்குகள். அரங்கில் "ஆ" என்று ஒரு மூச்சு. பிறகு எங்கள் படம்: வெளுத்த சட்டையில் பெண்கள் விரிப்பு மடிக்கிறார்கள். முன்வரிசையில் ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம், "இது என்ன, ஒத்திகையில எடுத்ததா?" என்று கேட்டார். அண்ணிக்கும் அது கேட்டது. அவர் உதட்டோரம் ஒரு சின்னச் சிரிப்பு வந்தது.

உறையைப் பிரித்துப் பெயரை வாசித்தார்கள். அரண்மனை நாடகம்.

அண்ணியும் கைதட்டினார், ஒழுங்காக, எல்லாரும் நிறுத்தும்வரை. லைட்காரர் பழக்கதோஷத்தில் எட்டிக் குனிந்து, "சொன்னபடியே ஆயிடுச்சுண்ணே" என்றார்.

கதவண்ணன் எழுந்து நின்றார்.

"தப்பு" என்றார். போனை அணைக்கச் சொல்கிற அதே குரல். சத்தமில்லாமலே கடைசி வரிசைவரை போகிற குரல். பரிசு வாங்க மேடையை நோக்கி நடந்துகொண்டிருந்த அம்மையார் ஒருகணம் தயங்கித் திரும்பினார். "தப்புங்க, இது தப்பு."

அண்ணி அவர் கோட்டைப் பிடித்துக் கீழே இழுத்தார். "ஐயோ, உட்காருங்க. எல்லாரும் பார்க்கிறாங்க. நீங்கதானே வராதுன்னு சொன்னீங்க?"

"வராதுன்னு சொன்னேன். வரக்கூடாதுன்னா சொன்னேன்?"

மேடையில் நன்றியுரை தொடங்கிவிட்டது. பின்வரிசையிலிருந்து, "மறைக்குது சார், உட்காருங்க" என்று ஒரு குரல் வந்தது. இன்னொரு குரலும் சேர்ந்துகொண்டது. கதவண்ணன் கோட்டின் பொத்தானைப் போட்டுக்கொண்டு இன்னும் நிமிர்ந்து நின்றார்.