சத்தம் சரியில்லாத மோட்டார்

நல்ல மோட்டாரை ஒருவர் திருப்பிக் கொண்டுவந்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பழைய ஸ்டார்ட்டர் மோட்டார்களை வாங்கிப் பிரித்துச் சரிசெய்து விற்கிற கடை என்னுடையது. அன்றைக்கு வந்து நின்றவர் மெத்தைக்காரர். ஊருக்கெல்லாம் வேனில் மெத்தை கொண்டுபோய்ப் போடுகிறவர். முகத்தைப் பார்த்தால் அவர் படுத்துத் தூங்கியே பல மாதம் ஆனதுபோல் இருக்கும்.

விஷயம் இதுதான். வேனின் எஞ்சின் படுத்துவிட்டது. வேறு வண்டியின் எஞ்சினை வாங்கி மாட்டினார். எஞ்சின் மாறினால் அதைச் சுழற்றிக் கிளப்புகிற மோட்டாரும் மாறவேண்டும். மோட்டாரின் பல்லும், எஞ்சினோடு சேர்ந்து சுழல்கிற ஃபிளைவீல் சக்கரத்தின் பல்லும் பொருந்தவேண்டும், போல்ட் ஓட்டைகள் நேருக்கு நேர் வரவேண்டும். இந்த மனிதரோ ஓட்டையை அரத்தால் ராவிப் பெரிசாக்கி, தன் பழைய மோட்டாரையே திணித்திருக்கிறார். முதல் திருப்பிலேயே அதன் பல் நொறுங்கிவிட்டது. அப்புறம்தான் என்னிடம் வந்தார். நான் புது ரக மோட்டார் கொடுத்தேன். சின்னது, தொட்டால் பிடிக்கும். அதைத்தான் இப்போது துணியில் சுற்றிக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார்.

"ஸ்டார்ட் ஆகலையாண்ணே?"

"ஆகுதும்மா. சத்தம்தான் சரியில்ல."

கச்சேரி கேட்கவா மோட்டார் வாங்கினீர்கள் என்று ஆரம்பித்து, நன்றாகவே வாங்கு வாங்கென்று வாங்கினேன். தலையைக் குனிந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகுதான் சொன்னார்.

அவர் மனைவி தையல் கம்பெனிக்குப் போனவர். தினமும் காலையில் இவர்தான் கொண்டுபோய் விடுவார். வா என்று கூப்பிட்டதில்லை, ஹாரன் அடித்ததில்லை. வாசலில் வேன் சாவியைத் திருப்புவார். பழைய மோட்டார் உறுமும். அந்தச் சத்தம் கேட்டதும் அடுப்பை அணைத்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு, அந்த அம்மா பக்கத்தில் வந்து உட்காருவார். "என்னங்க, கதவைப் பூட்டிட்டேன். போலாம்."

இப்போது அந்த அம்மாவுக்கு நினைவு தப்பிவிட்டது. பராமரிப்பு இல்லத்தில் இருக்கிறார். புருஷன் முகம் தெரியாது, யார் கூப்பிட்டாலும் அறையைவிட்டு வெளியே வரமாட்டார். ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஜன்னலுக்குக் கீழே வேன் உறுமினால் மட்டும் பையோடு இறங்கி வந்து அதே வார்த்தையைச் சொல்வார். தெருவை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு இவர் கொண்டுவந்து விடுவார். இவருக்கு வாரம் என்பதே அந்த ஒரு சுற்றுதான். புது மோட்டாரைப் போட்ட பிறகு சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாராம். யாரும் வரவில்லை.

திட்டினதையெல்லாம் திரும்ப அள்ளிக்கொள்ளவா முடியும்?

உறுமுகிற பழைய ரக மோட்டார் பொருந்துமா என்று ஃபிளைவீலைப் பார்க்க அவர் வீட்டுக்குப் போனேன். ஆளில்லாத வீடு ஆவென்று திறந்துகிடந்தது. பூட்டுவது அவள் வேலை, எனக்கு மறந்துபோகுது என்றார். உள்ளே டிவி தன்பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தது. தரையில் ஒரு மெத்தை. இன்னொன்று உறை பிரிக்காமல் சுவரில் சாய்ந்திருந்தது. அது விற்பதற்கில்லை என்றார்.

சின்ன மோட்டாருக்குள் தனியாக ஒரு கியர் உண்டு, அதனால் கிய்யென்று கத்தும். பழைய ரகத்தில் அது இல்லை, நேராகச் சுற்றி உறுமும். இவர் வாங்கிய எஞ்சினின் ஆரம்ப மாடலுக்கு அந்தப் பெரிய ரகம்தான் வந்தது. என் கடைக் குவியலின் அடியில் ஒன்று கிடந்தது. பல்லை எண்ணினேன், சரி. ஓட்டை, சரி. புகைக்குழாய் மட்டும் இடித்தது, அதைக் கொஞ்சம் வளைத்து வழிவிட்டோம்.

ஞாயிற்றுக்கிழமை பராமரிப்பு இல்லத்துக்கு என்னையும் வரச்சொன்னார்.

"நீ சாவியத் திருப்பும்மா. நான் கீழ நிக்கறேன். அவ கிளம்பி வர்றத ஒரு தடவையாவது நின்னு பாக்கணும்."

ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து சாவியைத் திருப்பினேன். பழைய உறுமல் முற்றத்தையே அசைத்தது. மாடி ஜன்னலில் திரை ஒதுங்கியது. கொஞ்ச நேரத்தில் அந்த அம்மா தலையை வாரிக்கொண்டு பையோடு படியிறங்கி வந்தார். மெத்தைக்காரர் முகம் மலர்ந்து ஓரடி முன்னால் வந்தார்.

அந்த அம்மா அவரைத் தாண்டி நடந்து வந்து, கதவைத் திறந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"என்னங்க, கதவைப் பூட்டிட்டேன். போலாம்."

இறங்கப் போனேன். மெத்தைக்காரர் கையைக் காட்டி என்னைத் தடுத்தார்.

"இறங்காதம்மா. பயந்துக்குவா. ஒரு சுத்து போயிட்டு வா."

சொல்லிவிட்டுப் பின்கதவைத் திறந்து, மெத்தைகளுக்கு நடுவே ஏறி உட்கார்ந்துகொண்டார்.