எங்கட வீடு

இரண்டு பனிக்காலத்துக்கு முதல், ரொறன்ரோவில் நான் வேலை செய்யும் ஆஸ்பத்திரியில் நடந்தது இது. நீண்ட நோயோடு வாழ்கிறவர்களின் நாளாந்த வாழ்க்கை எப்படிப் போகிறது என்று கேட்கும் ஆங்கில வினாக்கொத்து ஒன்றைக் கொரிய மொழிக்கு மாற்றிக்கொண்டிருந்தோம். மொழிபெயர்த்தவள் என் கொரியத் தோழி. கேள்விகள் விளங்குகிறதா என்று நோயாளிகளுக்கு வாசித்துப் பார்ப்பாள். அவள் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல நான் குறிப்பெடுப்பேன். எனக்குக் கொரிய மொழியில் வணக்கம்கூட ஒழுங்காகச் சொல்ல வராது.

அன்று வந்தவர் புற்றுநோய்க்கு மருந்தெடுக்கும் ஒரு கொரிய அம்மா. கொட்டுகிற பனிக்குள் தனியாக பஸ் பிடித்து வந்திருந்தார். எங்களுக்கென்று தோடம்பழம் வேறு கொண்டுவந்திருந்தார். எல்லாம் நன்றாகத்தான் போனது. ‘என் வீட்டில் நான் நிம்மதியாக இருக்கிறேன்’ என்ற வசனம் வந்ததும் சிரித்துவிட்டார். அவர்கள் மொழியில் யாரும் ‘என் வீடு’ என்று சொல்வதில்லையாம். ‘எங்கள் வீடு’தானாம். புருஷனைக்கூட ‘எங்கள் புருஷன்’ என்பார்களாம்! ஆங்கிலத்தை அப்படியே பெயர்த்ததில் தோழி கோட்டை விட்டிருந்தாள். எனக்கோ சந்தோஷப் புழுகம் தாங்கவில்லை. நாங்களும் எங்கட வீடு, எங்கட அம்மா என்றுதானே சொல்கிறோம்.

தோழி சொல்லைத் திருத்தி மறுபடி வாசித்தாள். அந்த அம்மாவின் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. மெதுவாக ஏதோ சொன்னார். அதைத் தோழி எனக்கு ஆங்கிலத்தில் சொன்னாள்.

“இப்போது சொல் சரி. ஆனால் புருஷன் செத்தபிறகு அங்கே நான் மட்டும்தான். முதல் கேட்டதுபோல ‘என் வீடு’ என்றே கேளுங்கள், பதில் சொல்கிறேன்.”

அவருக்கு மட்டும் பழைய சொல்லிலேயே கேட்டோம். ‘கொஞ்சமும் இல்லை’ என்ற பதிலைத் தொட்டுக் காட்டினார். வினாக்கொத்தில் ‘எங்கள் வீடு’ என்றுதான் போட்டோம். மொழிக்கு அதுதான் சரி. மனம்தான் கேட்கவில்லை.

வேலை முடிந்து காரில் ஏற, என் புருஷன், எங்கட இவர், போன் எடுத்து எங்கே நிற்கிறீர் என்று கேட்டார்.

“எங்கட வீட்டுக்குத்தான் வாறன்” என்றேன்.

“வேற எங்க போகப்போறீர்?” என்று பகிடி பண்ணினார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. முந்தி நினையாமல் சொன்ன சொல் அது. இப்போது ‘எங்கட வீடு’ என்று சொல்லும்போதெல்லாம் அதற்குள் இவரும் இருக்கிறார் என்று நினைத்து, கொஞ்சம் பயந்துகொண்டுதான் சொல்கிறேன்.