கரகரப்புக்கு இரண்டு விருது

பத்தொன்பது விருதுகள். பதினேழு அவருடைய பாட்டுக்கு. கடைசி இரண்டு, இப்போது தெரிகிறபடி, தொண்டையில் வளர்ந்த கட்டிக்கு.

ஜாஸ் பாடகி. வயது அறுபத்துமூன்று. இளமையில் மைக் இல்லாமலே குரல் கடைசி வரிசைவரை போனதால் வாத்தியக்காரர்கள் 'சைரன்' என்று பெயர் வைத்தார்கள். கோபம் வந்தால் மகளும் அப்படித்தான் சொல்வாள். வீடு இரண்டாம் மாடியில், இரண்டே அறை. இருபத்துநான்கு வயதில் ஒரு ஹோட்டல் போட்டியில் வாங்கிய வெண்கலக் கோப்பை, சமையலறைக் கதவு காற்றில் அறையாமலிருக்க முட்டுக் கொடுத்து நிற்கிறது. மற்றவை பியானோவுக்கு மேலே அலமாரியில். கடைசியாக வந்த இரண்டும் கண்ணாடிப் பலகைகள். ஒன்றில் பொறித்திருப்பது: 'காலம் கனியவைத்த கரகரப்புக்காக.'

பியானோ வாசிப்பது தம்பி. அக்காவுக்கு இசைக்குறிப்புப் படிக்கத் தெரியாது. தம்பி வாசிக்கும் முதல் நான்கு சுரங்களைக் காதில் பிடித்து, அதிலேயே ஏறிக்கொள்வார். நாற்பது வருடத்தில் ஒருமுறைகூட எந்தச் சுருதி என்று கேட்டதில்லை.

போன மாதம் மாடிப்படி ஏறும்போது மூச்சு இரைத்தது. பரிசோதனைகள் முடிந்து டாக்டர் கேட்டார்: "எப்போ இருந்தும்மா குரல் இப்படி?"

"ஒரு மாசமா டாக்டர். சளி பிடிச்சிருக்கும்."

பக்கத்து நாற்காலியிலிருந்த தம்பி பையிலிருந்து பாட்டு நோட்டை எடுத்தார். எந்தக் கச்சேரியில் எந்தச் சுருதி என்று தேதி போட்டுக் குறித்து வைப்பது அவர் வழக்கம். இரண்டு வருடத்தில் நான்கு முறை சுருதியை இறக்கியிருந்தார். ஒவ்வொரு முறையும் அரைச் சுரம்.

டாக்டர் தேதிகளை எழுதிக்கொண்டார். குரல்வளையை எடுத்தாக வேண்டும், வியாழக்கிழமைக்கு மேல் தள்ள முடியாது என்றார். சனிக்கிழமை வாழ்நாள் சாதனை விருது. வாங்குபவர் மேடையில் ஒரு பாட்டுப் பாட வேண்டும்.

"பாடிட்டுத் திங்கக்கிழமை வந்துடறேனே?"

"ரெண்டு வருஷம் போயிடுச்சும்மா. மூச்சுக்குழாய் பாதி அடைச்சிருக்கு. மேடையிலயே மூச்சு நின்னா நான் என்ன பண்ண?"

வராந்தாவில் அக்கா தம்பியைப் பிடித்தார். "ஏன்டா சொல்லல?"

"குரல் மேல எட்டலைன்னு உன்கிட்ட யாரு சொல்றதுக்கா? ஒரு வாரம் மூஞ்சியைத் தூக்கி வச்சுப்ப. வயசாகுதுன்னு நெனச்சேன். அப்புறம் விருது குடுத்தாங்களா... சரி, நல்லாத்தான் இருக்கு போலன்னு விட்டுட்டேன்."

"நானும் அப்படித்தான் நெனச்சேன்" என்றார் அக்கா. "கனிஞ்சுட்டேன்னு."

புதன்கிழமை மதியம் பியானோ மூடியைத் திறக்கச் சொன்னார். "பழைய சுருதியில வாசி. கோப்பை வாங்கின பாட்டு."

"வேணாம்க்கா."

"இன்னும் எதைடா காப்பாத்தப் போற?"

தம்பி வாசித்தார். முதல் இரண்டு வரிகள் எப்படியோ நின்றன. மூன்றாவது வரியின் உச்சியில் குரல் இல்லை, காற்று மட்டும் வந்தது. தம்பி நிறுத்தவில்லை. அக்கா வாயை மட்டும் அசைத்தபடி கடைசி வரிவரை கூடவே போனார். சமையலறையில் மகள் குழாயைத் திறந்துவிட்டு, எதையும் கழுவாமல் நின்றிருந்தாள்.

விழாக்குழுவிலிருந்து தொலைபேசி வந்தது. பாட்டுக்குப் பதிலாகப் போன வருடத்து ஒலிப்பதிவைப் போடுகிறார்களாம். விருது வாங்கித் தந்த அதே கரகரப்பு.

"பழசு ஏதாவது போடச் சொல்லட்டுமா?" என்றார் தம்பி, கையால் தொலைபேசியைப் பொத்திக்கொண்டு.

"இதையே போடட்டும். இதைக் கேட்டுத்தானே கை தட்டினாங்க. இன்னொரு தடவை தட்டட்டும்."

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு அறுவை சிகிச்சை. சனிக்கிழமை மாலை இருபதாவது விருதை மகள் வாங்குகிறாள்.